மிஷின் படிக்காத வரி

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கோகிலவாணியிடம் கேட்டது அவ்வளவுதான். "விபத்துக்குக் காரணம், மிஷினை இயக்கியவர் கையேட்டில் உள்ள விதியைப் பின்பற்றாதது" என்ற வாக்கியத்தை, அவளோடு சேர்ந்து ஆபீஸ் நடத்தும் நகுல் ஆங்கிலத்தில் அடித்து, மிஷின் கம்பெனிக்குப் போக வேண்டிய அறிக்கையின் கடைசியில் சேர்த்திருந்தான். செவ்வாய்க்கிழமை காலை மும்பை செம்பூர் ஆபீஸில் உட்கார்ந்து அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். பொய் என்று ஒரு சொல்லைக்கூடத் தொட்டுக் காட்ட முடியவில்லை.

ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டேஷனுக்கு வெளியே மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை, நாலு பேர். அங்கே பிறந்ததுதான் 'வெட்டு' என்கிற சின்னஞ்சிறு கணினி மொழி. தாராவியின் தோல் கார்கானாக்களில், அதாவது சின்னப் பட்டறைகளில், ஓடும் கட்டிங் மிஷின்களுக்காகக் கோகிலவாணி உருவாக்கியது. அவளும் தாராவியில் பிறந்தவள்தான். அங்கத்திப் பையன்கள் நாள் முழுக்கத் தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் திணறுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே சொல் தமிழ், எழுத்து இங்கிலீஷ், வாட்ஸப்பில் அடிப்பது மாதிரியே. வலது 40, இடது 25, கத்தி இறங்கு, கத்தி ஏறு. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். நாலு வருஷத்தில் அறுபத்திரண்டு கார்கானாக்கள் அதில் ஓடின. அவளுக்கு அதில் பெருமை உண்டு, மறைத்துப் பேச என்ன இருக்கிறது.

பதினேழு நாளைக்கு முன்னால் பிரம்மநாயகத்தின் கார்கானாவில், பகல் பதினோரு மணிக்கு, சுடலைக்கண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மிஷினை நடத்தும் டேப்லெட்டில், அவர்கள் பேச்சில் டேப்பில், ப்ரோகிராமை ஓட்டியவன் கரீம் பாட்சா. "பூட்டுப் போட்டாச்சு, கை வை" என்று சொன்னவனும் அவன்தான். பதினோரு வருஷமாக ஒரே மிஷினில், ஒரே டப்பாவில் சாப்பிட்டு வேலை செய்த இரண்டு பேர். அன்றைக்குச் சாயங்காலமே கரீமை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இந்தப் பூட்டு என்னவென்று சொல்லிவிட வேண்டும். எந்தக் கணினி மொழியிலும் மிஷின் படிக்காமல் தாண்டிப் போகிற வரிகள் உண்டு. மனிதர் மனிதருக்காக எழுதி வைக்கும் குறிப்பு அது. 'வெட்டு'வில் அதற்கு ஒரு ஜோடிக் குறி. தொடங்குகிற இடத்தில் (* என்றும், முடிகிற இடத்தில் *) என்றும் போட வேண்டும். நடுவில் என்ன இருந்தாலும் மிஷின் கண்டுகொள்ளாது. கையேட்டில் அதற்குப் பெயர் குறிப்பு. கார்கானாவில் அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை, பூட்டு என்றார்கள். ஏனென்றால் அவர்கள் அதை வைத்துச் செய்த வேலையே வேறு.

தோல் என்பது துணி மாதிரி இல்லை. எருமை உயிரோடு இருந்தபோது பட்ட கீறல், முள் கிழித்த தழும்பு எல்லாம் அதில் இருக்கும். வெட்டும் கோடு தழும்பின் மேல் போனால் அந்தத் துண்டு வீண். அதனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு வெறும் ஓட்டம் விடுவார்கள். கத்தி இறங்காது. மிஷினின் தலை மட்டும் கோடு போகிற வழியில் போய்க் காட்டும். ஒருவன் கூடவே கையை வைத்துத் தோலை நகர்த்தி நகர்த்திச் சரி பண்ணுவான். இதற்காக ப்ரோகிராமின் ஒரு பகுதியை முழுசாக அந்த ஜோடிக் குறிக்குள் அடைத்துவிடுவார்கள், தலையை வேறு பொத்தானால் நடத்துவார்கள். மிஷினோடு வந்த கைத்தடுப்பைக் கழற்றி எப்போதோ பரணில் போட்டாயிற்று, அது இருந்தால் தோலைப் பிடிக்க முடியாது. கோகிலவாணி இதையெல்லாம் நேரில் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறாள்.

கையெழுத்துப் போடுமுன் ப்ரோகிராமை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று அன்று மத்தியானமே தாராவிக்குப் போனாள். மிஷின் மேல் நீலப் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தியிருந்தார்கள். யாரோ அதன் காலில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். பிரம்மநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாம்மா. இன்னும் என்ன பாக்கணும்? அதான் ஆள நிப்பாட்டியாச்சே."

"டேப்ப மட்டும் ஒரு தடவ பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"பாரு, பாரு. ஒழுங்காப் பூட்டியிருந்தா இது நடந்திருக்குமா? பதினோரு வருசம் கூட இருந்த பய. நெனச்சா எனக்கே ஆற மாட்டேங்கு."

டேப்பின் கண்ணாடியில் கைரேகைகள் அப்படியே இருந்தன. அன்றைய ப்ரோகிராமைத் திறந்தாள். கரீம் எந்தக் குறியை மறந்தான் என்று தேடியவளுக்கு, மறக்கவே இல்லை என்பது சட்டென்று தெரிந்தது. மேலே திறக்கும் குறி இருந்தது. கீழே மூடும் குறி இருந்தது. நடுவில் இன்னொன்றும் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தைத் தமிழாக்கிப் போட்டால் இப்படி:

(*
வலது 40
கத்தி இறங்கு
கத்தி ஏறு
(* சுடலைமாடசாமி துணை *)
இடது 25
கத்தி இறங்கு
கத்தி ஏறு
*)

நம் ஆட்கள் எதை எழுதினாலும் உச்சியில் சாமி பேரைப் போட்டு, துணை என்று எழுதித்தான் தொடங்குவார்கள். கல்யாணப் பத்திரிகை, கடைச் சிட்டை, வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் அப்படித்தான். சுடலைக்கண்ணன் தன் ஒவ்வொரு ப்ரோகிராமின் தலையிலும் குலசாமி பேரை எழுதினான். மிஷின் அதைப் படித்துக் குழம்பக் கூடாது என்பதற்காக, ஒழுங்காகத் திறக்கும் குறியும் மூடும் குறியும் போட்டே எழுதினான். அந்த வரி எப்போதும் முதல் வரியாக இருந்ததால் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குப் பையின் மூடிக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று இரண்டு ப்ரோகிராம்களை ஒட்டியிருக்கிறான். முதலாவதின் துணை பூட்டுக்கு வெளியே மேலேயே நின்றது, இரண்டாவதின் தலையில் இருந்த துணை நடுவுக்கு வந்துவிட்டது. மிஷின் கரீம் போட்ட பூட்டுக்குள் நுழைந்தது, வரிகளைத் தாண்டிக்கொண்டே வந்தது, சாமி பேருக்குப் பின்னால் இருந்த மூடும் குறியைப் பார்த்தது, பூட்டு முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. அடுத்த வரி இடது 25. அதற்கடுத்தது கத்தி இறங்கு.

கோகிலவாணி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பூட்டுக்குள் பூட்டு போடக் கூடாது என்று கையேட்டின் பதினாலாம் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவள் அவள்தான். நகுலின் வாக்கியத்தில் பொய் இல்லை என்றால், இந்தப் பதினாலாம் பக்கத்தின் தயவால்தான்.

ஆனால் அவளை உட்கார வைத்தது அது இல்லை. கடைசி வரியில் தனியாக நின்ற மூடும் குறி. அதற்கு ஜோடி இல்லை. ஓடுமுன் ப்ரோகிராம் முழுவதையும் ஒரு தரம் பார்த்து, ஜோடியில்லாத மூடும் குறியைக் கண்டால் மிஷின் ஒரு அங்குலம்கூட நகராமல் நிற்க வேண்டும் என்றுதான் அவள் முதலில் எழுதியிருந்தாள். நின்றும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பிரம்மநாயகம் போன் பண்ணி, "சும்மா சும்மா நிக்கும்மா, ஆர்டர் தேங்கிப் போவுது" என்று சத்தம் போட்டார். இன்னும் மூன்று கார்கானாக்களிலிருந்தும் அதே புகார். அவள் அந்த விதியை எடுத்துவிட்டாள். பத்து நிமிஷ வேலை. ஜோடியில்லாத குறி வந்தால் கண்டுகொள்ளாமல் போ என்று மிஷினுக்குச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. நகுலுக்குக்கூடத் தெரியாது.

அந்த ஜோடிக் குறியைத் தேர்ந்தெடுத்த நாளும் ஞாபகத்துக்கு வந்தது. மாட்டுங்காவில், நகுல் வீட்டுக்குப் பக்கத்து ஓட்டலில். கத்தி என்பதா பிளேடு என்பதா என்று மூன்று வாரம் சண்டை போட்ட இரண்டு பேரும், குறிப்புக்கு என்ன குறி என்பதை ஒரு காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். மிஷின் படிக்காத விஷயம்தானே என்று ஒரு அலட்சியம். "பெரிய லாங்க்வேஜ் எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கு" என்று நகுல் சொன்னான். அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் மான்கூர்ட் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்துக் கரீம் குடியிருக்கும் சீத்தா கேம்ப் போனாள். கரீமின் மனைவி ஃபர்ஸானா கதவைத் திறந்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கரீம் தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் பழைய காலண்டர் தாள் ஒன்று, பின்பக்கம் திருப்பிப் போட்டிருந்தது. அதில் பேனாவால் டேப்பின் கீபோர்டை எழுத்து எழுத்தாக வரைந்து வைத்திருந்தான். விரல் படுகிற இடமெல்லாம் மை கலைந்து கறுத்துப் போயிருந்தது.

"எந்தக் குறிய விட்டேன்னு தெரியல தங்கச்சி" என்றான் அவள் கேட்காமலே. "தினமும் அடிச்சு அடிச்சுப் பாக்கேன். கை தன்னால போவுது, ஒண்ணையும் விடல. ஆனா அன்னைக்கு விட்டிருக்கேன்லா. இல்லன்னா கத்தி எப்படி எறங்கும்?"

"நீங்க ஒண்ணையும் விடல அண்ணே. எல்லாக் குறியும் இருக்கு. நான் பாத்துட்டு வாரேன்."

அவன் நம்பவில்லை. அவள் தன் போனில் எடுத்து வந்த படத்தைக் காட்டி, மிஷின் எப்படிப் படித்தது என்று வரிவரியாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவன் நடுவில் இருந்த வரிக்கு வந்ததும் கையால் நிறுத்தினான்.

"இது இருந்துச்சு. நான் பாத்தேன். அழிச்சிரலாமான்னுகூட ஒரு நிமிசம் தோணுச்சு. பெறவு, அவன் சாமி பேர நான் ஏன் அழிக்கணும்னு அப்படியே உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

வெளியே குழாயில் தண்ணீர் வந்து பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இத எங்ககிட்ட சொல்லி என்ன புண்ணியம்?" என்றாள் ஃபர்ஸானா. "சுடலை வீட்டுல போய் சொல்லுவீங்களா? அவுங்க பிள்ளைங்க இப்ப எம் பிள்ளைங்கள கண்டா மூஞ்சத் திருப்பிட்டுப் போவுது."

"சொல்லாண்டாம்" என்றான் கரீம். "அந்த வரியாலன்னு தெரிஞ்சா சுடலை தாங்க மாட்டான். அவன் சாமிய நம்புத ஆளு. எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும். போதும், வேற வேல பாத்துக்கிடுதேன்."

இவ்வளவு பெரிய மனசை எதிரே வைத்துக்கொண்டு சின்னத்தனமாக இருக்க முடியாது. "அந்த வரியால இல்ல அண்ணே, என்னால" என்றாள். தான் எடுத்துவிட்ட விதியைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொரு ஆளிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை நகுலோடு மல்லுக்கட்டு. அவன் கெட்டவன் இல்லை. பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவர்கள். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மை என்று வளர்ந்தவன்.

"உலகத்துல பாதி லாங்க்வேஜ்ல இதே ரூல்தான். நாமளா கண்டுபிடிச்சோம்? கையேட்டுல போட்டிருக்கோம். அதுக்கு மேல நாம என்ன பண்ணறது, சொல்லு."

"அந்தப் பக்கத்தை யாரும் படிக்கறதில்லைன்னு எனக்குத் தெரியும் நகுல். தெரிஞ்சே இருந்துட்டேன்."

"சரி, மாத்து. வேண்டாம்னா சொல்லறேன்? திறக்கறதையும் மூடறதையும் எண்ணச் சொல்லு. உள்ளே எத்தனை பூட்டு இருந்தாலும் வெளிப்பூட்டு முடியற வரைக்கும் மிஷின் காத்துண்டிருக்கும். சத்தமில்லாம ஒரு அப்டேட், தீர்ந்தது."

அதை அவள் ராத்திரி யோசித்துப் பார்த்திருந்தாள். எண்ணச் சொல்லலாம். எண்ணிக்கையில் ஒன்று தவறினால் எது பூட்டு, எது திறப்பு என்று மிஷினுக்குத் தெரியும், எதிரே கை வைத்திருப்பவனுக்குத் தெரியாது. ஐம்பது வரிக்கு மேலே எங்கேயோ இருக்கும் ஒரு குறியை நம்பி ஒருத்தன் கையை நீட்ட வேண்டும். அது கூடாது. ஜோடிக் குறியே வேண்டாம். வரியின் தொடக்கத்தில் ஒரே ஒரு #. அந்த வரியோடு அதன் அதிகாரம் முடிந்தது. பத்து வரியைப் பூட்ட வேண்டுமென்றால் பத்து வரியிலும் அது நிற்கும், டேப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் மொத்தமாக வந்து உட்காரும். பூட்டாத வரி எதுவென்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். # என்றால் போனில் எண் அழுத்தும் எல்லோருக்கும் பழக்கமான குறி. அவள் அதை அவனிடம் விளக்கினாள்.

"பழைய குறி வந்தா?"

"மிஷின் நிக்கும்."

"அறுபத்திரண்டு கார்கானாவுலயும் எல்லா ப்ரோகிராமும் நிக்கும். ஏன்னு கேப்பா. என்ன சொல்லுவே?"

"நடந்ததைச் சொல்லுவேன். அறிக்கையிலயும் அதையே எழுதுவேன்."

நகுல் அறிக்கையை அவள் பக்கம் தள்ளினான். "அது போச்சுன்னா மிஷின் கம்பெனிக்காரன் நம்ம லாங்க்வேஜை ஒரு நாள் வச்சுக்க மாட்டான். இந்த ரூமுக்கு வாடகை குடுக்க முடியாது. நான் உன்னைத் தடுக்கப் போறதில்லை கோகிலா. ஆனா உன் பேப்பர்ல என் கையெழுத்து இருக்காது."

அன்று சாயங்காலம் கரீமைக் கூட்டிக்கொண்டு சுடலைக்கண்ணன் வீட்டுக்குப் போனாள். தாராவியில் தொண்ணூறடி ரோட்டை விட்டு உள்ளே, கீழே ஒரு குடும்பம், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே இவர்கள். கரீம் ஏணிக்குக் கீழேயே நின்றுகொண்டான். மேலேயிருந்து எட்டிப் பார்த்த சுடலைக்கண்ணன் மனைவி ஆறுமுகத்தாயின் முகம் மாறியது.

"அவனையுமா கூட்டிட்டு வந்திருக்கிய?"

"நான் சொல்லுததக் கேட்டுட்டு என்னைத் திட்டுங்க மதினி."

சுடலைக்கண்ணன் சுவரில் சாய்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. கோகிலவாணி சுற்றி வளைக்காமல் சொன்னாள். கரீம் பூட்டியது சரி. நடுவில் இருந்த சாமி வரிக்கு ஒரு மூடும் குறி உண்டு. அதைக் கண்டதும் பூட்டு முடிந்தது என்று எடுத்துக்கொள்ள மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள். கடைசியில் மிச்சமாக ஒரு குறி நின்றதே, அதைக் கண்டு மிஷின் நின்றிருக்க வேண்டும். அந்த நிறுத்தத்தை எடுத்ததும் அவள்தான்.

ஆறுமுகத்தாய் கையிலிருந்த பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள். "ரெண்டு வெரல் போயி பத்தொம்பது நாளு கழிச்சு வந்து நாந்தான்னு சொல்லுதிய. இந்தக் கையால எடுத்துச் சாப்புட முடியல, பிள்ளை ஊட்டி விடுது." அவள் அழவில்லை, பேசிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள்.

சுடலைக்கண்ணன் மெதுவாகக் கேட்டான். "தங்கச்சி, ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு ப்ரோகிராம அனுப்பி வச்சேனே. மிஷின் நிக்குன்னு மொதலாளி போன் போட்டாருல்லா, அன்னைக்கு. அதப் படிச்சியா?"

"பாத்தேன் அண்ணே."

"படிச்சியான்னு கேட்டேன்."

லாப்டாப்பைத் திறந்து பழைய மெயிலைத் தேடினாள். கிடைத்தது. அன்றைக்கு அதைத் திறந்து, கத்தி, வலது, இடது வரிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடியது ஞாபகம் வந்தது. பூட்டுக்குள் இருக்கும் எழுத்து திரையில் மங்கலான சாம்பல் நிறத்தில் வரும்படி வைத்திருந்தவள் அவள். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று வைத்த நிறம். கார்கானாவில் இரண்டு ஷிப்ட்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் பூட்டுக்குள்தான் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள், சுடலைக்கண்ணன் அவளுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தான். மெயிலில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் ப்ரோகிராமின் நடுவில், சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் வாய்விட்டு வாசித்தாள்.

"தங்கச்சி, மிஷின் நிக்கது தொந்தரவுதான். ஆனா எதுக்கு நிக்குன்னு எனக்கு வெளங்கல. காரணம் தெரியாம நிப்பாட்டத எடுத்துராத. படிச்சிட்டு போன் பண்ணு."

வாசித்து முடித்தபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"போன் வரல" என்றான் சுடலைக்கண்ணன். "ஆனா பெறவு மிஷின் நிக்கவே இல்ல. சரி, பிள்ளை படிச்சுப் பாத்து வெளங்கித்தான் சரி பண்ணியிருக்குன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் அன்னைக்குச் சாமி பேர நடுவுல அப்படியே விட்டேன். மிஷின் படிக்காது, மனுசன்தான் படிப்பான்னு நீதான கார்கானாவுல வந்து சொல்லிக் குடுத்த? நீ படிக்கலையே."

அவன் சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

அவன் ஏணிப் பக்கம் திரும்பி, "ஏல கரீமு, கீழ நின்னு என்ன செய்யுத, மேல வா" என்றான். கரீம் ஏறி வந்து வாசல் ஓரமாகவே உட்கார்ந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "பிள்ளையோள்ட்ட உன் வீட்டுல ஒண்ணும் வாங்கித் திங்காதியன்னு சொல்லிட்டேன்ல" என்றான் சுடலைக்கண்ணன் தரையைப் பார்த்து. "சொல்லத்தான செய்வ" என்றான் கரீம்.

பிறகு சுடலைக்கண்ணன் கோகிலவாணியிடம் கேட்டான். "இப்ப என்ன பண்ணப் போற?"

அவள் # போட்ட புது ஏற்பாட்டைக் காட்டினாள். பழைய மூடும் குறி எங்கே வந்தாலும் மிஷின் நிற்கும் என்று, திரும்ப எழுதி வைத்திருந்த விதியையும் காட்டினாள்.

"நாளைக்கு நீ இருக்க மாட்ட. வேற ஒருத்தன் வருவான். அவனுக்கும் எவனாவது போனப் போட்டு, சும்மா நிக்குன்னு சத்தம் போடுவான். அவனும் எடுத்துருவான்லா?"

"எடுத்துரலாம்."

"அப்ப அவனுக்கு எழுதி வை. அந்த எடத்துக்கு நேர் மேல. நான் சொல்லுதேன், நீ அடி."

அவள் விதிக்கு மேலே ஒரு # போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். எல்லோரும் வாசிக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். மங்கல் நிறத்தை எடுத்துவிட்டு, மற்ற எழுத்தைப் போலவே கறுப்பாக்கினாள். அவன் சொன்ன ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. மறுநாள் அறிக்கையில் நகுலின் வாக்கியம் இருந்த இடத்தில் இதே வரிகள்தான், ஆங்கிலமாகி, அவள் கையெழுத்தோடு மட்டும் போயின.

அடித்து முடித்ததும், "சரியா இருக்கான்னு அவன்ட்ட குடு, படிக்கட்டும்" என்றான் சுடலைக்கண்ணன். கரீம் லாப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டு, விரலை வரி வரியாக வைத்து, திக்கித் திக்கி வாசித்தான்.

"இந்த நிப்பாட்டத எடுக்காத. இத ஒரு தடவ எடுத்ததுல சுடலைக்கண்ணனுக்கு ரெண்டு வெரல் போச்சு. எடுத்தது கோகிலவாணி. எடுக்காதன்னு எழுதி வச்சத அவ படிக்கல. கரீம் பாட்சா..."

தன் பெயரில் வந்து நின்றுவிட்டான். விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"படில" என்றான் சுடலைக்கண்ணன். "நிக்காத, முழுசாப் படி."

"கரீம் பாட்சா பூட்டுனது எல்லாம் சரி" என்று வாசித்தான் கரீம் பாட்சா.